அந்தக் குளிசையை வெட்டாதே, மகள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

உன் மனநோய்க்குப் போடுகிற 9 மில்லிகிராம் பலிபெரிடோன் குளிசையைக் கத்தியால் பாதியாக்கிப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே பிள்ளை. குறைக்க வேண்டும் என்று நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குளிசை, நாள் முழுக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிற மாதிரிச் செய்யப்பட்டது. வெட்டினாலோ கடித்தாலோ அந்த அமைப்பே குலைந்துபோகும். அதை முழுசாகத்தான் விழுங்க வேண்டும். 3 மில்லிகிராமிலும் 6 மில்லிகிராமிலும் தனித்தனிக் குளிசை இருக்கிறது. குறைப்பதென்றால் டொக்டர் அதைத்தான் எழுதுவார்.

நான் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் குளிசை எண்ணிக் கொடுத்தவள். அங்கே வந்த தாய்மார் கேட்டதைத்தான் உன் சித்தியும் போன கிழமை கேட்டாள்: "பிள்ளைக்கு இன்னும் எத்தனை மில்லிகிராம்?" எண் கூடினால் வருத்தமும் கூட என்று நினைக்கிறார்கள். ஒருவருக்கு ரிஸ்பெரிடோன் 4, இன்னொருவருக்கு ஒலன்சபின் 15, வேறொருவருக்குக் குவெட்டியாபின் 600. இவையும் உன்னுடையதைப் போன்ற மருந்துகள்தான்; எண் வேறானாலும் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலமுள்ள அளவுகள். இல்லாததை நம்ப வைத்து மனநிலையையும் ஏற்றி இறக்குகிற உன் ஸ்கிட்சோஅஃபெக்டிவ் வருத்தத்துக்குப் பலிபெரிடோனைக் காலையில் 6 மில்லிகிராமில் தொடங்கி, 3 முதல் 12 வரை ஆளுக்கேற்ப மாற்றுவதுதான் வழக்கம். உனக்கு 9இல் சரிவந்தது. அதற்கு நீ யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

மாதவிடாய் நின்றுபோனதை நீ எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். டொக்டருக்கும் சொல்லு, வெட்கப்படாதே. இந்த மருந்து மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறபோது, பால் சுரக்க வைக்கிற புரோலக்டின் ஹோர்மோன் கூடும். மாதவிடாய் நிற்பதும் மார்பில் பால் கசிவதும் அதனால் வரலாம். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, புரோலக்டினுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லு. உன் நிறையும் ஏறியிருப்பதால் சீனியும் கொழுப்பும் பார்க்கட்டும். அளவைக் குறைக்கலாம், புரோலக்டினை இறக்க உதவுகிற அரிபிப்ரசோல் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்க்கலாம், மருந்தையே மாற்றலாம். நீ வாய் திறந்து சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

எனக்குப் பயம் வேறொன்றில். குறைத்த முதல் கிழமைகளில் உடம்பு லேசாகும், தலை தெளிந்த மாதிரி இருக்கும். அதை நம்பி முழுசாக விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மருந்து சில நாட்களிலேயே இரத்தத்தை விட்டுப் போய்விடும். வருத்தமோ கிழமைகள், சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். அதனால் ஒரு படி இறங்கினால், அடுத்த படிக்கு முன் நெடுநாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். உனக்கு மனநிலையும் சேர்ந்து ஏறி இறங்கும் என்பதால் இன்னும் கூடுதல் கவனம். உனக்கு எப்போதும் முதலில் போவது நித்திரை. பஸ்ஸில் இருப்பவர்கள் உன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வரும். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரை இல்லையென்றால் அடுத்த நாளே கிளினிக்குக்கு எடு. இதை உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைக்கும் சொல்லி வை.

பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன், அதை நிறுத்த மாட்டேன். "அவ்வளவு நேர்த்தி வைத்தும் ஏன் குளிசை?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் பேச்சு உன் காதுக்கு வர வேண்டாம்.

டொக்டரைச் சந்திக்கும் நாளை எடுத்ததும் எனக்கு அறிவி. நீ விரும்பினால் போனை ஸ்பீக்கரில் போடு, நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். மெல்பேர்னில் காலை 10 மணியென்றால் இங்கே விடிந்திருக்காது; பரவாயில்லை, எழும்பி இருப்பேன். அதுவரை 9ஐ அப்படியே காலையில் போடு. சாப்பாட்டோடு போடுவதென்றால் தினமும் சாப்பாட்டோடு போடு, மாற்றி மாற்றிச் செய்யாதே. நேற்றைய குளிசையைப் போட்டாயா என்று எழுதவில்லையே, அதையும் சொல்லு.

அன்புடன்,
அம்மா