ரிவால்வர் தேர்வில் எடை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்காப்புக்காக உரிமம் பெற்று, அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளச் சிறிய ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இராணுவத்தில் ஆயுதப் பயிற்றுநராக இருந்த என்னிடம் முதலில் கேட்பது ‘எது எடை குறைவு?’ என்பதைத்தான். செய்தித்தாள்களும் எடையையும் விலையையுமே பெரிதாக வெளியிடுவதால், விடுபட்டுப்போகும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களை மனத்தில் வைத்து ‘நிர்பீக்’ என்ற, .32 அங்குல அளவுத் தோட்டாவுக்கான ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆன அதன் எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். அதை நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்து விற்றது எனக்கு அன்றே வருத்தம் அளித்தது. 2023-இல் அதே கான்பூரிலிருந்து வந்த ‘பிரபல்’ ரிவால்வரோ, தோட்டா நீங்கலாக 700 கிராம் எடையும் 76 மி.மீ. குழலும் கொண்டது.

இவ்விரண்டுக்கும் இடையிலான 200 கிராம் கைப்பையில் சுமையாகத் தெரியலாம். ஆனால், ஒரே வகைத் தோட்டாவைச் சுடும்போது எடை குறைந்த துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும் என்பதால், முதல் குண்டுக்குப் பின் இரண்டாவதைக் குறிபார்த்துச் சுடுவது அதில் கடினம். குழல் குட்டையானால் குறிபார்க்க முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கி, சிறிய கை நடுக்கமும் குண்டைப் பெரிதாக விலகச் செய்யும். இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது விசையின் கனத்தை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைக்கு எவ்வளவு பலம் தேவை என்பதை. தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை முன்கூட்டியே பின்னால் இழுத்து வைக்காமல், விசையை மட்டும் இழுத்துச் சுடுவதற்கு விரலில் நல்ல வலு வேண்டும். விரல் விசையை எட்டாமலோ, எட்டியும் இழுக்க முடியாமலோ போனால், அந்த ரிவால்வர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அவருக்கு உரியதன்று. பிடிக்கட்டை உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்பதையும் கையில் எடுத்துப் பார்த்தே அறிய முடியும்.

உடன் கொண்டுசெல்லும் முறைக்கு வருகிறேன். துப்பாக்கியைச் சாவி, சீப்பு, கைப்பேசி ஆகியவற்றோடு பையில் போட்டுவைப்பது பேராபத்து. விசையை முழுவதுமாக மூடும் கெட்டியான உறையும், பையில் அதற்கென்றே தனி அறையும் வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் முனை அவசரத்தில் துணியில் சிக்கும்; ஆகவே எடுத்துப் பழகும்போது வெற்றுத் துப்பாக்கியோடு, அன்றாடம் உடுத்தும் உடையிலேயே பழக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பையைத் தரையிலோ நாற்காலியிலோ வைக்கும் வழக்கத்தை அன்றே கைவிட வேண்டும்.

பொது இடத்தில் துப்பாக்கி முழுவதும் மறைக்கப்பட்டும், வைத்திருப்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுவது. அவ்விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் வலியுறுத்துகின்றன. அதைச் சான்றிதழுக்கான சடங்காக எண்ணிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. உரிமம் பெற்றபின் ஓராண்டு முழுவதும் ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காதவர் நெருக்கடியில் என்ன செய்வார்?

எனவே, உரிமம் பெற்றோர் வாங்குவதற்கு முன்பே, சுடுதளத்தில் பயிற்றுநர் முன்னிலையில் இரண்டு மூன்று வகை ரிவால்வர்களைச் சுட்டுப் பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும். புதிய ரிவால்வர் பற்றிய செய்திகளில் விசையின் கனத்தையும் பிடியின் அளவையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இராணுவ ஆயுதப் பயிற்றுநர்,
வேலூர்.