படத்தோடு நடுவில் உள்ள பத்து வருடத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியாவில் பிறந்த ஒரு பெண் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்றால் நீங்களும் சரி, மற்ற நாளிதழ்களும் சரி, ஒரே அச்சில்தான் செய்தி போடுகிறீர்கள். பாஸ்போர்ட் சைஸில் ஒரு படம், 'இந்திய வம்சாவளிப் பெண் சாதனை' என்று தலைப்பு, பிறந்த ஊர், டாலரில் சம்பளம். முடிந்தது. காலையில் காபியோடு படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். கல்லூரியில் இருபத்து நான்கு வருடம் அரசியல் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரிச் செய்திகளை வெட்டி வைத்து வகுப்பில் பெண் பிள்ளைகளிடம் காட்டியவளும்கூட. அதனால்தான் கேட்கிறேன், இதில் நடுப்பகுதியை ஏன் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள்?

ரேணு கட்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க அங்குள்ள தமிழர்கள் பணம் திரட்டியபோது அவர் பெயரை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். உத்தரப் பிரதேசத்தில் ஃபரூக்காபாத் என்ற ஊரில் பிறந்தவர், கான்பூர் பல்கலைக்கழகத்தில் 1973-ல் பட்டம் வாங்கியவர். 18 வயதில் வீட்டில் கல்யாணம் முடிவு செய்துவிட்டார்கள். மேலே படிக்க வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்த பெண், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சுரேஷ் கட்டோர் அப்போது அமெரிக்காவில், இண்டியானாவில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர். படிக்க வைக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

இந்த இடத்துக்கு வந்ததும் நம் செய்தியாளர்கள் 'கணவரின் ஊக்கத்தால்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நேராக அவர் ஹூஸ்டன் தலைவரான 2008-க்குத் தாவிவிடுவார்கள். கணவரின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை, வாக்கைக் காப்பாற்றிய மனிதர். ஆனால் வாக்குக் கொடுத்தவர் அவர், இடம் கொடுத்தவர் வேறொருவர். அந்தப் பெண்ணுக்கு அப்போது சரளமாக ஆங்கிலம் பேச வராது. முதுகலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனபோது பேசியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்தான், மொழிபெயர்ப்பாளராக. எதிரே இருந்த பேராசிரியருக்கு மறுக்க நூறு காரணம் இருந்தது. அவர் நிபந்தனையோடு சேர்க்கை கொடுத்தார், நன்றாகப் படித்துக் காட்டினால் தொடரலாம் என்று. அவ்வளவு சின்ன விஷயம். அந்தப் பெண் வீட்டில் தொலைக்காட்சியில் பழைய நகைச்சுவைத் தொடர்களை மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார்.

1975-ல் எம்.ஏ. வாங்கினார். பிஎச்.டி. வாங்கியது 1985-ல். அதே பர்டூ, அதே அரசியல் அறிவியல், நடுவில் பத்து வருடம், இரண்டு பெண் குழந்தைகள். உங்கள் செய்தியில் 'எம்.ஏ., பிஎச்.டி. பட்டங்களைப் பெற்றார்' என்று ஒரு வரியில் வந்துவிடுகிறது. கமா போட்டீர்களே, அந்தக் கமாவுக்குள் பத்து வருடம் இருக்கிறது ஐயா!

அந்தப் பத்து வருடத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். நான் 1983-ல் எம்.ஏ. முடித்தேன், அடுத்த வைகாசியில் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள், மாமியாருக்குப் பக்கவாதம். 1991-ல் எம்.ஃபில். சேரலாம் என்று விண்ணப்பத்தோடு போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்த கிளார்க் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எட்டு வருஷம் எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டார். சமையல்கட்டில் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். இந்த எட்டு ஆண்டுகளில் வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை, எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. டைப் அடித்துக் கொடுத்த பையன் அந்த வரியை அடிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான், இன்னும் மறக்கவில்லை. பிள்ளை வளர்த்ததற்கு நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. பிஎச்.டி. வாங்கும்போது எனக்கு வயது 46.

சரி, என் கதை போதும்.

ரேணு கட்டோர் 1985-ல் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே 22 வருடம். இந்தியாவின் காடுகள், சுற்றுச்சூழல் கொள்கை, இதெல்லாம்தான் அவர் ஆராய்ச்சி. வகுப்பெடுத்தார், எழுதினார், கலை அறிவியல் கல்லூரிக்கு டீன் ஆனார், கடைசியில் ப்ரோவோஸ்ட். இந்தப் பதவிக்கு நம் ஊரில் நேர்ப் பதவி கிடையாது. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, துறைகளுக்குப் பணம் ஒதுக்குவது என்று கல்வி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பான இரண்டாம் நிலை அதிகாரி அவர். அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவர் ஆகிறவர்களில் நிறையப் பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். விசாகப்பட்டினத்தில் பிறந்த நீலி பெண்டபுடியும் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ப்ரோவோஸ்டாக இருந்துவிட்டுத்தான் 2018-ல் லூயிவில் போனார், 2022-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். இன்னொன்றும் உண்டு. ரேணுவின் கணவர் அதே ஃபுளோரிடாவில் பொறியியல் பேராசிரியர், பிற்பாடு ஹூஸ்டனிலும் பொறியியல் கல்லூரியில் பொறுப்பில் இருந்தார். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே ஊரில், ஒரே வளாகத்தில் வேலை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அரசுக் கல்லூரியில் இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போய்த் திரும்பிய எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார்.

ஹூஸ்டனுக்கு அவர் தேர்வானதையும் கொஞ்சம் பாருங்கள். டெக்சாஸ் சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு இறுதியாக யாரைக் கருதுகிறார்கள் என்பதை, நியமிப்பதற்கு 21 நாள் முன்னாலேயே ஊரறியச் சொல்ல வேண்டும். ரேணு கட்டோர் பெயரை 2007 அக்டோபர் 15 அன்று அறிவித்தார்கள், ஒரே பெயர். ஆட்சிக்குழு நியமித்தது நவம்பர் 5. நாள் எண்ணிப் பாருங்கள், சரியாக 21 வரும். அந்த மூன்று வாரமும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், ஆட்சேபிக்கலாம். ஆட்சிக்குழு உறுப்பினர்களை நியமிப்பது அங்கேயும் ஆளுநர்தான், அதனால் அரசியலே இல்லாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனாலும் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்த பிறகு புதியவரை நியமிக்காமல் கன்வீனர் கமிட்டி போட்டு ஓட்டியதை நினைத்தால் பெருமூச்சு வரத்தான் செய்கிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 ஜனவரியில் அவர் ஏற்றுக்கொண்டது இரண்டு பதவி. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'பிரசிடென்ட்', அதோடு அப்போது நான்கு பல்கலைக்கழகங்கள் அடங்கிய குழுமத்துக்கு 'சான்ஸலர்'. இதை 'வேந்தர்' என்று எழுதினால் நம் வாசகர் மனதில் வருவது ராஜ்பவனும் பட்டமளிப்பு விழா அங்கியும்தான். அங்கே சான்ஸலர் என்பவர் தினமும் அலுவலகம் வந்து பட்ஜெட்டோடு மல்லுக்கட்டுகிறவர். 'தலைமை நிர்வாகி' என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

அவர் வந்தபோது ஹூஸ்டன் பல்கலைக்கழகம், வேலைக்குப் போகிறவர்கள் காரில் வந்து படித்துவிட்டுப் போகிற இடம் என்ற பெயரோடு இருந்தது. கிண்டலாக 'ஹைஸ்கூல்' என்றுகூடச் சொல்வார்களாம். வந்த வருடமே செப்டம்பரில் ஐக் புயல் நகரத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று வருடத்தில், 2011-ல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகை பிரிக்கும் கார்னகி பட்டியலில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் உச்சப் பிரிவில் சேர்ந்துவிட்டது. 35 ஆயிரத்தைத் தொடாமல் இருந்த மாணவர் எண்ணிக்கை 46 ஆயிரத்தைத் தாண்டியது. 2020-ல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். எல்லாம் அவர் ஒருவரால் ஆனது என்று எழுதுவது அபத்தம், இத்தனை வருடம் ஒரே நாற்காலியில் இருக்க விட்டார்கள் என்பது முக்கியம். அதிகச் சம்பளம் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் பட்டியலில் மேலே இருக்கிறார் என்று விமர்சனமும் உண்டு, நியாயமான விமர்சனம். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் எட்டு ஆட்டம் ஜெயித்து நாலு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஒருமுறை சொல்லி அங்கே பெரிய பேச்சானது. பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆங்கிலம் தெரியாமல் போய் உட்கார்ந்த பதினெட்டு வயசுப் பெண்ணா இது!

வெளிநாடு என்றால் அமெரிக்கா மட்டும்தானா என்று கேட்பீர்கள். ப்ரீத்தி அகலாயம் இருக்கிறாரே. சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்து, மாசசூசெட்ஸில் பிஎச்.டி. வாங்கி, மும்பை ஐ.ஐ.டி.யில் வேலை பார்த்து, சென்னைக்கே ஆசிரியராகத் திரும்பியவர். 2023-ல் தான்சானியாவின் சான்சிபாரில் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய வளாகத்துக்குப் பொறுப்பேற்றார். ஓர் ஐ.ஐ.டி. வளாகத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். ஐ.ஐ.டி.க்கள் தொடங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, முதல் பெண் தலைமை கிடைத்தது கடல் தாண்டி. இதையும் படத்தோடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பரோடா பல்கலைக்கழகத்துக்கு ஹன்சா மேத்தா 1949-லேயே துணைவேந்தராக வந்துவிட்டார். அத்தனை சீக்கிரம் தொடங்கிய நாட்டில் இன்னும் 'முதல் பெண்' என்று தலைப்பு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏன் என்று அந்தச் செய்தியின் அடியிலேயே நாலு வரி கேட்டிருக்கலாம். துணைவேந்தர் ஆகப் பேராசிரியராகப் பத்து வருட அனுபவம் வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2018 விதி. பேராசிரியர் நிலைக்கு வருவதற்கே எத்தனை வருடம் ஆகும், அதில் எட்டு வருடத்தை வீட்டுக்குக் கொடுத்தவள் எந்த வயதில் அங்கே போய்ச் சேருவாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்கு இப்போது கூடுதலாக இரண்டு வருடம் உண்டு, 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்? உங்கள் நாளிதழ்தான் சொல்ல வேண்டும், பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையை யார் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பழைய மாணவி ஒருத்தி. கணவர் அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கிறார், இவள் கூடப் போயிருக்கிறாள். பி.ஏ.வில் என் வகுப்பில் முதல் மார்க். போன மாதம் வாட்ஸ்அப்பில், "மேடம், ஏழு வருஷம் கேப் ஆயிருச்சு, இனிமே என்னை யார் சேர்ப்பாங்க" என்று அனுப்பினாள். கூடவே ரேணு கட்டோர் பற்றிய ஒரு செய்தித் துண்டு, 'இவங்கல்லாம் வேற லெவல் மேடம்' என்று. பாருங்கள், நடுவில் உள்ள பத்து வருடத்தை எடுத்துவிட்டதால் அந்தச் செய்தி அவளைத் தூக்கிவிடுவதற்குப் பதிலாக இன்னும் உட்கார வைத்திருக்கிறது. கட்டோருக்கும் பத்து வருடம் ஆனது என்று சொன்னதும் பத்து நிமிடம் பதிலே இல்லை.

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. மாணவரின் மனைவியாகப் போனவர்கள் எஃப்-2 விசாவில் முழுநேரப் பட்டப்படிப்பு சேர முடியாது, 2003-லிருந்து இந்த விதி. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போனவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4-ல் இருந்தால் படிக்கலாம். நம் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் இப்படிக் கணவரோடு போய் அடுப்படியில் சர்ட்டிஃபிகேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! அவர்களுக்காக வாரம் ஒரு அரைப் பத்தி ஒதுக்கினால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அவள் விண்ணப்பம் போடப் போகிறாள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம், ஏழு வருட இடைவெளியையும் அதில் விளக்கலாம். நேற்று ராத்திரி முதல் வரைவை எனக்கு அனுப்பினாள். மூன்று இடத்தில் 'மன்னிக்கவும்' என்று வந்திருந்தது. மூன்றையும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியை,
கோவில்பட்டி.