மூன்றாம் பருவத்தின் இறுதிப் பாகத்தை வசன வரிகளோடு மறு ஒளிபரப்புச் செய்யுங்கள்

அலைவரிசையின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இரவு ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் மூன்றாம் பருவ இறுதிப் பாகத்தில் விளம்பரப் பட்டை வசன வரிகளை மறைத்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னைப் போலப் பலர் அழைத்திருப்பதாக உங்கள் ஊழியரே தொலைபேசியில் சொன்னார். அதனால் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நான்காம் பருவம் தொடங்குவதற்குள் அந்தப் பாகத்தை மீண்டும் ஒளிபரப்புங்கள். திரையின் அடியில் விளம்பரம் எதுவும் ஓடக்கூடாது. தமிழ் வசன வரிகள் முதலிலிருந்து கடைசிவரை தெரிய வேண்டும்.

அது ஏதோ ஒரு வாரத்துப் பாகமன்று. 1990 ஜூன் 18 அன்று அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பானபோது, அதன் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் விடை தெரிய செப்டம்பர் 24 வரை காத்துக் கிடந்தார்கள். விண்கப்பலின் தலைவர் கேப்டன் பிக்கார்டை, ‘போர்க்’ (Borg) எனப்படும் பாதி இயந்திர எதிரிக் கூட்டம் பிடித்துச் செல்கிறது. அவரை மீட்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பிறகு அவர் முகமே திரையை நிறைக்கிறது, பாதி மனிதனாக, பாதி இயந்திரமாக. எதிரியின் குரலாகிவிட்ட அவர், இதுவரை நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை முடிந்தது என்று தன் கப்பலில் இருப்பவர்களுக்கே அறிவிக்கிறார். துணைத் தளபதி ரைக்கர், தன் தலைவர் எதிரிக் கப்பலில் இருக்கிறார் என்று தெரிந்தே சுடச் சொல்கிறார். ‘தொடரும்’ என்று முடிகிறது. அந்தப் பாகம் முழுவதும் சொல்லப்பட்ட கதையின் எடை அந்த ஓரிரு நிமிட வசனத்தில்தான் இறங்குகிறது.

சரியாக அந்த இடத்தில்தான் தீபாவளித் தள்ளுபடி விளம்பரப் பட்டை ஏறியது. மஞ்சள் பட்டை, சிவப்பு எழுத்து, ஓரத்தில் சுழலும் மத்தாப்பு. வசன வரிகள் வரும் இடத்தை முழுவதுமாக மூடிக்கொண்டு, தொடர் முடியும்வரை அது நகரவே இல்லை.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 1954இல் தொடங்கிய பினாங்குக் காதுகேளாதோர் பள்ளியில் படித்தவர். சைகை மொழியும் மலாயும் அங்கே கற்றார். தமிழ் எழுத்தை அப்பா வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்று பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கி வழியே பிழை தேடும் வேலை பார்க்கிறார். உங்கள் தொடர் அவருக்கு வாரத்தின் ஒரே தமிழ் வாசிப்பு என்றுகூடச் சொல்லலாம். அன்று பட்டை ஏறியதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகே போனார். மத்தாப்புக்கு மேலே தெரிந்த உதட்டசைவைப் படிக்க முயன்றார். உதடுகள் ஆங்கிலம் பேசின. என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கையால் கேட்டார். நான் சைகையில் சொல்லத் தொடங்கினேன். என் கைகளைப் பார்த்தால் அவருக்குத் திரை தெரியாது, திரையைப் பார்த்தால் என் கைகள் தெரியாது. முதல் வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

இதே தொடரின் இரண்டாம் பருவத்தில், காது கேளாத சமாதானத் தூதர் ஒருவர் வருகிறார். அவருக்காகப் பேசும் மூவரும் கொல்லப்பட, போரிடும் இரு தரப்புக்கும் சைகை மொழி கற்பிப்பதையே சமாதானத்தின் வழியாக அவர் எடுத்துக்கொள்கிறார். நடித்தவர் ஹோவி சீகோ, நிஜ வாழ்விலும் காது கேளாதவர். அந்தப் பாகத்தையும் நீங்கள்தான் ஒளிபரப்பினீர்கள். அன்றுமுதல் என் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. இப்படியொரு தொடரை வாங்கி ஒளிபரப்புபவர்கள், அவரைப் போன்றவர்களும் பார்க்கிறார்கள் என்பதை எப்படி மறந்தீர்கள்?

உங்கள் ஊழியர், விளம்பரம் தவிர்க்க முடியாதது என்றார். விளம்பர வருமானம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. இடைவேளையில் போடுங்கள், பார்க்கிறோம். ஆனால் வசன வரிகள் அழகுக்காகப் போடுவதில்லை. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகவலையும் பண்பாட்டு வாழ்வையும் அணுகும் உரிமையைப் பேசுகிறது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அவர்கள் அணுகக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் நேயர்களுக்கு சினிமாவும் மாமியார் மருமகள் சண்டையும் போதும் என்று யார் முடிவு செய்தது? அறிவியல் நிகழ்ச்சி என்றால் பின்னிரவு. நேரம் மாற்றினால் முன்னறிவிப்பு இல்லை. தமிழில் புகார் எழுதினால் ஆங்கிலத்தில் அச்சடித்த பதில். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. இந்தத் தீவில் நம் பிள்ளைகள் மின்னணுச் சில்லுகளைச் செய்து உலகுக்கு அனுப்புகிறார்கள். விண்வெளியைப் பற்றிய கதையை நல்ல நேரத்தில், தமிழில், முழுமையாகப் பார்க்க அவர்களுக்கு ஆசை இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். 1968இல், நிறுத்தப்படும் நிலையிலிருந்த மூல ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்காக நேயர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். தொடர் நீடிக்கும் என்று அதை ஒளிபரப்பிய என்.பி.சி. அலைவரிசை மார்ச் 1 அன்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரியதன்று. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் ஒரே ஒரு பாகம், ஏற்கெனவே மொழிபெயர்த்த வசன வரிகள், விளம்பரப் பட்டை இல்லாமல் ஒரு முறை.

நான்காம் பருவத்தின் முதல் பாகம் இதன் நேரடித் தொடர்ச்சி. ஆகவே அதற்கு முன்பே மறு ஒளிபரப்புச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாக, திரையில் எழுத்திலேயே அறிவியுங்கள். அக்காவுக்கு இரவு வேலை வரும் வாரமாக இருந்தால், மேற்பார்வையாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள அவருக்கு அவ்வளவு அவகாசம் தேவைப்படும்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து உங்கள் நேயர்