பேரன் வீடியோவ பாத்துட்டு எழுதுறேன்

சுமதி,

எப்படி இருக்க? முழங்கால் வலி தேவலையா, இல்ல இன்னும் மாடிப்படிய பாத்து திட்டிக்கிட்டுதான் இருக்கியா. நான் ரிட்டயர் ஆயிட்டேன்னு பேருதான், வாரத்துல மூணு நாள் பிள்ளைங்களுக்கு ஸ்பீச் தெரபி, அதான் பேச்சுப் பயிற்சி, குடுக்க கிளினிக் போயிட்டுதான் இருக்கேன், சும்மா வீட்ல உக்காந்தா எனக்கே என்னைப் பிடிக்க மாட்டேங்குது.

ரெண்டரை வயசாகியும் பேரன் அஞ்சாறு வார்த்தைதான் பேசுறான்னு எழுதி நீ அனுப்புன வீடியோவ நாலு தடவ பாத்தேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல. மொத தடவ அவனப் பாத்தேன், அப்புறம் உங்களப் பாத்தேன். கோச்சுக்காத, எண்ணிட்டேன், நீயும் உன் பொண்ணும் சேந்து அவன்கிட்ட 19 கேள்வி கேட்டிருக்கீங்க. இது என்ன, என்ன கலரு, நாய் எப்படி கத்தும், பாட்டிக்கு சொல்லு, சொல்லுடா, சொல்ல மாட்டியா. பாத்துக்கிட்டிருந்த எனக்கே வாய் அடைச்சுப்போச்சு. நடுவுல ஒரு இடம் வருது, கவனிச்சியா? ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் அவன் விரல நீட்டிக் காட்டிட்டு, திரும்பி உன் மூஞ்சியப் பாத்தான். அந்த ரெண்டு நிமிஷத்துல அவனா வந்து சொன்ன ஒரே விஷயம் அதான். யாரும் பதில் சொல்லல, நீ பந்து படத்த நீட்டிக்கிட்டு இருந்த.

அந்த விரலும் பார்வையும் எனக்கு பாதி நிம்மதி. வேணும்னு கைய பிடிச்சு இழுத்துட்டுப் போறது வேற, நான் பாத்தத நீயும் பாருன்னு காட்டுறது வேற, பேச்சுக்கு அஸ்திவாரம் அதுதான். ஆனா மீதி பாதிய மறைக்க மாட்டேன். ரெண்டரை வயசுல அஞ்சாறு வார்த்தைன்னா கம்மிதான், ரெண்டு வயசுலயே ஒரு 50 வார்த்தையும், ‘அம்மா வா’ மாதிரி ரெண்டு சேத்து சொல்றதும் எதிர்பாப்போம். உன் மாப்பிள்ளையும் மூணு வயசுலதான் பேசினாருன்னு எழுதியிருந்த, அதுல ஆறுதல்பட ஒண்ணும் இல்லடீ. குடும்பத்துல யாராவது லேட்டா பேசியிருந்தா நாங்க இன்னும் சீக்கிரம் பாப்போம். லேட்டா பேசுற பிள்ளைங்கள்ல நிறைய பேர் தானா எட்டிப் பிடிச்சிடுறாங்க, உண்மைதான், ஆனா எந்தப் பிள்ளை பிடிக்கும் எது பிடிக்காதுன்னு மூஞ்சியப் பாத்து சொல்ல என்னாலயும் முடியாது.

மொதல்ல காது. வேற எதுக்கும் முன்னாடி காது. பொறந்தப்பவே டெஸ்ட் பண்ணி நார்மல்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லாத, நான் அதுலதான் ஒரு தடவ விழுந்தேன். வேலைக்கு சேந்த புதுசு, ஃபைல்ல ‘கேட்கும் திறன் இயல்பு’ன்னு இருந்துச்சு, நானும் நம்பி மூணு மாசம் ஒரு பொண்ணுக்கு தெரபி குடுத்தேன், ஒரு நாள் நல்லா செய்வா, மறுநாள் காதுலயே வாங்க மாட்டா, பிடிவாதம்னு நெனச்சேன். கடைசில பாத்தா செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. சளி பிடிக்கும்போதெல்லாம் ஏறும், அப்புறம் இறங்கும். ரெண்டு காதுலயும் விரல வெச்சு அடைச்சுக்கிட்டு யாராவது பேசறதக் கேட்டுப்பாரு, அப்படித்தான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, ‘ஸ’ மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் வந்தே சேராது. பெரும்பாலும் அந்த நீர் மூணு மாசத்துக்குள்ள தானா வத்திடும், வத்தலன்னாதான் செவிப்பறையில குட்டி ட்யூப் வைக்கறதப் பத்தி ஈஎன்டி டாக்டர் யோசிப்பாரு. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல, அதான் இன்னும் குத்துது.

அடுத்தது, சொல்றதெல்லாம் புரியுதுன்னு எழுதியிருந்த பாரு, எல்லா வீட்டுலயும் இதே வார்த்தைய கேட்டிருக்கேன். ‘செருப்ப எடுத்துட்டு வா’ன்னா எடுத்துட்டு வரான், சரி. ஆனா அப்ப நீ வாசல்ல நிக்கிற, பை தோள்ல இருக்கு, கண்ணு செருப்பு மேல இருக்கு, இதுல வார்த்தையே தேவையில்லயே. ஒரு நாள் கைய கட்டிக்கிட்டு, அவன் முகத்த மட்டும் பாத்து, ‘செருப்ப சோஃபா மேல வை’ன்னு சொல்லிப்பாரு. செஞ்சான்னா உண்மையிலயே வார்த்தை புரியுது. முழிச்சான்னா அதையும் எழுதி வை, பாக்கப்போற தெரபிஸ்டுக்கு பெரிய உதவி, ஏன்னா புரிஞ்சும் பேசாத பிள்ளைக்கும் புரியறதுலயே தடுமாறுற பிள்ளைக்கும் வழி வேற வேற. தெரபிஸ்ட் பண்ற டெஸ்ட்னு பயப்படாத, இந்த வயசுக்கு அது பரீட்சை இல்ல, பொம்மைய தூங்க வைக்கறது, டப்பாவ திறக்கறதுன்னு தரையில உக்காந்து விளையாடுறதுதான், நாங்க ஓரக்கண்ணால குறிச்சுக்குவோம்.

நாக்குக்கு அடியில வெட்டணுமான்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க போல. நாக்கு ஒட்டியிருந்தா சில சத்தம் சரியா வராம இருக்கலாம், வார்த்தையே வராம போகாது. ரெண்டு மொழி பேசுறதாலதான் லேட்டு, ஒண்ண நிறுத்துங்கன்னு சொன்னாங்களாமே, அதையும் காத்துல விடு, அதனால குறைபாடு வராது, ரெண்டு மொழியிலயும் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் சேத்து எண்ணணும் அவ்ளோதான். உனக்கு மனசு விட்டு வர்ற மொழியிலயே பேசு.

இப்ப வீட்டுல என்ன பண்றது. பந்து படம் மாதிரி காட்டிக் காட்டி பேர் கேக்குற அந்த ஃப்ளாஷ் கார்ட எல்லாம் பரண்ல போடு. எங்ககிட்ட வர்ற பிள்ளைங்க சிலது 1-லேர்ந்து 20 வரைக்கும் சொல்லும், ஏழு கலர் பேரு சொல்லும், ஆனா ‘வேணாம்’னு சொல்லத் தெரியாம தரையில புரண்டு அழும். வா, தா, திற, போச்சு, இன்னும், வேணாம், இதெல்லாம்தான் காரியம் நடத்துற வார்த்தை. அவன் எதப் பாக்குறானோ அதப் பத்தி நீ பேசு, கேக்காத. அவன் கார உருட்டுனா ‘கார் போகுது’, நின்னா ‘கார் நின்னுடுச்சு’. அவன் ‘கா’ன்னா ‘ஆமா, கார்! பெரிய கார்!’ன்னு ஒரு வார்த்தை கூட்டி திருப்பிக் குடு, சரியா சொல்லுன்னு பிடிக்காத. அவனுக்குப் பிடிச்ச பொம்மைய இறுக்கி மூடுன டப்பால போட்டுக் குடுத்துட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணு. பத்து எண்றது உனக்கு கஷ்டம், தெரியும், காலேஜ்லயே அடுத்தவங்க வாக்கியத்த நீதான முடிச்சு வைப்ப. ‘திறன்னு சொன்னாதான் குடுப்பேன்’னு பேரம் மட்டும் வேணாம். அவன் உன்னப் பாத்து டப்பாவ நீட்டினாலே நீ ‘திற! திறக்கலாம்!’னு திறந்து குடு.

உனக்குப் பிடிக்கும்னு ஒரு கதை. நாலு வயசு பையன் ஒருத்தன் ‘க’ வராம எல்லாத்தையும் ‘த’ன்னு சொல்றான், காக்கா அவனுக்கு தாத்தா. காக்கா படமும் தாத்தா படமும் எதிர்ல வெச்சேன், எது வேணுமோ கேளுன்னேன். ‘தாத்தா’ன்னான், தாத்தாவ குடுத்தேன். ‘இது இல்ல, தாத்தா!’ன்னு அப்படி ஒரு கோவம். திருப்பியும் தாத்தாதான் குடுத்தேன். கொஞ்ச நேரம் என் வாயவே பாத்தான், தொண்டைய செருமுனான், ‘க்... க்காத்தா’ன்னான். பாதி காக்கா பாதி தாத்தா! உடனே காக்காவ எடுத்துக் குடுத்துட்டேன். இதுக்கெல்லாம் விசில் ஊது, பலூன் ஊதுன்னு விடுறவங்க இன்னும் இருக்காங்க, ஊதிப் பழகினா ஊதத்தான் வரும்.

காது டெஸ்டுக்கு தேதி வாங்கினதும் சொல்லு, ரிப்போர்ட்ட அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. இன்னொரு வீடியோவும் வேணும், பத்து நிமிஷம், முழங்கால் விட்டா நீயும் அவன் பக்கத்துல தரையில உக்காரு. மூணு கேள்விக்கு மேல எண்ணுனேன்னா போன் போட்டுத் திட்டுவேன்.

உன்
வசந்தி