நாளை மாலை கொசுப் புகை: கொஞ்சம் கவனம்

வணக்கம். நாளை மாலை 5 மணிக்கு மேல் நம் பகுதியில் கொசுப் புகை அடிக்கிறார்கள். காயும் துணி, பொம்மைகள், நாயின் தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் முன்பே உள்ளே எடுத்துவிட்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். புகைக்குப் பின்னால் ஓடுவது பிள்ளைகளுக்கு வேடிக்கைதான், ஆனாலும் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புகை நன்றாக அடங்கும்வரை வெளியே வர வேண்டாம்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: இதில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கும். மீனுக்கு அது கடும் விஷம். தொட்டியை மூடினால் மட்டும் போதாது. காற்று பம்ப் வெளிக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும். அதையும் அணைத்துவிட்டு, புகை போனதும் மறக்காமல் போடுங்கள்.

அப்புறம், புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் கொசுவாகிவிடும். நேற்று மொட்டை மாடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா. உள்ளே இரண்டு விரல் உயரத் தண்ணீர், அதில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன! கவிழ்த்துவிட்டேன். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும். அதனால் வாளி, டிரம் எல்லாவற்றின் உள்பக்கத்தையும் நாரால் தேய்த்தே கழுவுங்கள்.