ஆர்.கே.புரத்துச் சனி ஞாயிறுகள்

மயூர் விஹார்,
தில்லி.

அன்பு மகள் வித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். குளிர் தொடங்கியதும் உன் அம்மாவின் முழங்கால் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அம்மா நான்கு வாக்கியம் பேசி முடித்துவிடுகிறாள். நீயும் அவள் பெண்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எட்மண்டனில் உங்கள் ஊர்க் குடும்பங்களெல்லாம் சேர்ந்து இரண்டு நாள் தியாகராஜ ஆராதனை நடத்தப்போகிறீர்கள், டொராண்டோவிலிருந்து கச்சேரி செய்கிறவர்கள் சிலர் வருகிறார்கள், உன்னையும் வயலின் எடுத்துவரச் சொன்னார்கள், நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். "அவ்வளவு பெரிய வித்வான்கள் நடுவில் உட்கார்ந்து நான் என்ன வாசிப்பேன் அப்பா? பதினோரு வயதில் ஒரு தப்பில்லாமல் மோகன வர்ணம் வாசித்தேன். இன்றைக்கு அதுகூடக் கையில் இல்லை" என்றாய். உன் அம்மா உடனே ரசப்பொடிக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த மோகன வர்ணத்தை விட்டு நகர முடியவில்லை. அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் சமாசாரம் ஒன்று உண்டு. அது அந்தச் சனிக்கிழமைகளின் கதையோடு சேர்ந்தது. தனியாகப் பிய்த்து எடுத்தால் உனக்குத் தப்பாகப் படும்.

ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் நாங்கள் நடத்திய ஆராதனை எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. பக்தியில் ஆரம்பித்ததாக அம்மா சொல்லுவாள். நம்பாதே. அரசாணையில் ஆரம்பித்தது. 1985 ஜூனில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தது. எங்களுக்குத் திடீரென்று ஒரு முழுச் சனிக்கிழமை கையில் கிடைத்தது; என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிலர் தோட்டம் போட்டார்கள், சிலர் சீட்டு ஆடினார்கள். நம் பிளாக்கில் பாடத் தெரிந்தவர்களும் பாடத் தெரியும் என்று நினைத்தவர்களுமாகப் பதினைந்து பேர் தேறினோம். தியாகராஜர் சமாதியான புஷ்ய பகுள பஞ்சமி திதி என்றைக்கு வந்தாலும் அதை அடுத்த சனி ஞாயிறுக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்து, 1986-ல் நம் வீட்டு முன் புல்வெளியில் ஷாமியானா போட்டோம். தை மாதக் குளிரில் ஷாமியானா! முதல் வருடம் பாதிப் பேருக்கு ஜலதோஷம். மறு வருடமே எதிரெதிரான இரண்டு வீடுகளின் கூடத்துக்கு மாறிவிட்டோம். ஜமக்காளத்துக்கு மேல் பஞ்சுப் போர்வையான ரஜாயை விரித்து, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லாயைக் கழற்றாமலேயே ஆலாபனை செய்தவர்களையெல்லாம் நீ பார்த்திருக்கிறாய்.

வயலின் மாமா அந்த இரண்டாம் வருடம்தான் வந்து சேர்ந்தார். ஆகாசவாணியின் 'வாத்திய விருந்தா'வில் வாசித்தவர். ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்திய பல்லியக் குழு அது, 1952-ல் தொடங்கியது. அதில் இடம் கிடைத்த ஒருவர் எங்களோடு வந்து உட்காருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தார், ஒரு நிபந்தனையோடு. "சனிக்கிழமை நான் கச்சேரி செய்ய மாட்டேன். யார் பாடினாலும் பக்கவாத்தியம் வாசிப்பேன். ஞாயிறு மதியம் எங்கள் முறை. அப்போது நீங்கள் தாளம் போட்டால் போதும்." அவரோடு வந்த மற்ற வித்வான்களும், பல்கலைக்கழகத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாளும்கூட, இதற்குக் கட்டுப்பட்டார்கள்.

யார் பாடினாலும் என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் புரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டை, அதாவது சுருதி அளவு. ஆண்கள் ஒன்று, ஒன்றரை; பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஆள் மாறும்போதெல்லாம் வயலினின் நான்கு தந்தியையும் மாற்றிச் சேர்க்க வேண்டும். என்னிடம் இருந்தது மேல் சுருதிக்கான எச்சு மிருதங்கம் ஒன்றுதான். கீழ்ச் சுருதிக்கான தக்கு மிருதங்கம் எதிர்வீட்டில் இருந்தது. அதனால் ஆண்கள் எல்லாரும் முதலில், பெண்கள் பிறகு என்று சுருதிப்படி வரிசை போட்டோம். அரசுக் குடியிருப்பில் இது சின்ன விஷயமா? ஒரு கட்டையில் பாடும் ஸ்டெனோகிராபர் ஆறு மணிக்கே பாடிவிடுவார். ஐந்தரைக் கட்டைக்காரியான இணைச் செயலாளரின் மனைவி ஒன்பது மணிவரை ரஜாய்க்குள் காத்திருப்பார். அந்த அம்மாள் ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மை. பதவி வரிசை கலைந்த ஒரே இடம் அதுதான் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்மை.

குளிர் வாத்தியங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. மூடுபனியில் ஈரம் ஏறி மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை தொங்கிவிடும். கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி ஐந்து கட்டைக்கு ஏற்றுவேன். அதற்குள் யாராவது அன்பாக ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிடுவார்கள். தோல் காய்ந்து முறுக்கிக்கொண்டு ஐந்தரையை எட்டிப் பார்க்கும். இடது முகமான தொப்பியில் அப்பிய ரவை பாதிப் பாட்டிலேயே காய்ந்து உதிரும். உன் அம்மா கிண்ணத்தில் வெந்நீரும் ரவையுமாகப் பக்கத்தில் நிற்பாள். உப்புமா கிண்டவும் அதே டப்பாதான். இரண்டு ஹீட்டருக்கு மேல் போட்டால் ஃபியூஸ் போய்விடும். இருட்டில் நடுவில் நின்ற பாட்டு ஒன்றும் கிடையாது என்பது எங்கள் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பாடிக்கொண்டே வீடு வீடாக அரிசி வாங்கும் உஞ்சவிருத்தி. பத்தடிக்கு முன்னால் போகிறவர் தெரியமாட்டார், ஜால்ரா சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடப்போம். அரிசி வாங்கத்தானே செம்பு? பஞ்சாபிக் குடும்பங்கள் கதவைத் திறந்து, பயபக்தியோடு கோதுமை மாவைக் கொட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்த அரிசியையும் மாவையும் பிரிக்க முடியாமல் உன் அம்மா ஒரு வருடம் என்னவோ தோசை வார்த்தாள். கீழ்வீட்டுச் சர்தார்ஜி நினைவிருக்கிறாரா? இதை அவர் கீர்த்தன் என்றே எடுத்துக்கொண்டு, ஐந்து கிருதிகள் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பார். எங்களில் பலர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள். நான் சொல்ல விரும்புவது இரண்டு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயைச் சுமந்து வந்தது நான். அந்தக் குளிரில் இலையில் விழுந்த வெண்பொங்கலின் நெய், வாய்க்குப் போவதற்குள் உறைந்துவிடும்.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கிருதிகளுக்கு வருகிறேன். ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். நாட்டை தொடங்கியதும் அறுபது குரல்கள் அந்தச் சின்னக் கூடத்தில் மோதும். சுருதி சேராதவர்கள் பலர், சாகித்தியம் தெரியாமல் வாயசைப்பவர்கள் சிலர். இருந்தாலும் அது நன்றாக இருக்கும். கெட்டதை நல்லது விழுங்கிவிடும். ஆரபியில் எனக்கு ஓடும் வியாதி. அலுவலகத்தில் ஒரு கோப்பை மூன்று மாதம் நகர்த்தாமல் வைத்திருந்தவன் மிருதங்கத்தைத் தொட்டதும் எங்கிருந்து அவசரம் வந்ததோ! பக்கத்தில் உட்கார்ந்த மிருதங்க வித்வான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே, தாளம் தொடங்கும் ஒவ்வொரு சமத்திலும் தொப்பியில் ஒரு 'தொம்' மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டார். ஓடுகிற கன்றின் கயிற்றைப் பிடித்த மாதிரி. மூன்றாவது ஆவர்த்தனத்தில் நான் நின்றுவிட்டேன். பிறகு காபி குடிக்கும்போது, "இந்த ரவை நன்றாக ஒட்டுகிறது, எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நான்காவது வராளி. வராளியை நேரில் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் பிரிவு வரும் என்று ஒரு நம்பிக்கை. எங்களில் யாருக்கும் பாடம் ஆகவில்லை. ஆரபி முடிந்து அது ஆரம்பித்ததும் அறுபது குரல் ஆறு குரலாகிவிடும். அதுவரை சந்தையாக இருந்த கூடத்தில் அந்த ஆறு பேருடைய சங்கீதம் மட்டும் கேட்கும். பல்கலைக்கழக அம்மாளின் குரல் அப்படி ஒரு குரல் என்பதே அப்போதுதான் தெரியும். பிறகு ஸ்ரீராகம் வந்ததும் மறுபடி அத்தனை பேரும் பாய்ந்து உள்ளே விழுவோம். அந்த ஆறு குரலுக்காகவே அந்த வருடம் முழுக்கக் காத்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் நம் பிளாக் பெண்கள் விடுவார்களா? வயலின் மாமாவிடம் போய் வராளி வேண்டும் என்றார்கள். "சொல்லித் தரமாட்டேன்" என்றார் மாமா. "வியாழக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டில் நான் வராளி வாசித்துக்கொண்டிருப்பேன். கதவு திறந்திருக்கும். மாடிப்படியில் யார் உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியாது." மூன்று மாதம் அந்தப் படிக்கட்டில் நோட்டுப் புத்தகமும் கையுமாக ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி.

(ஒரு வருடம் விருந்தினராக வந்த பெரியவர் ஒருவர், பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவது திருவையாற்று வழக்கமில்லையே என்று முணுமுணுத்தார். சாம்பார் வாளியோடு நின்ற உன் அம்மா, "அங்கே சமாதிக் கோயிலைக் கட்டியது யாராம்? பெங்களூர் நாகரத்தினம்மாள் சொத்தைப் போட்டுக் கட்டவில்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பெரியவருக்கு அன்று சாம்பார் விழவில்லை.)

இனி உன் மோகன வர்ணம். 1989, சனிக்கிழமை, பெண்கள் முறைக்கு முன்னால் குழந்தைகள். பச்சை ஸ்வெட்டர், கைவிரல் விறைக்காமல் இருக்க அதுவரை வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு சேர்ந்து மெதுவாக வாசிக்க மாமா பக்கத்தில் இருந்தார், நான் மிருதங்கம். முதல் பாதி முடியும் முக்தாயி ஸ்வரம்வரை பழுதில்லை. சரணத்தில் இரண்டாவது ஸ்வரத்தை வாசித்தாய். மூன்றாவதற்குப் போக வேண்டிய இடத்தில் மறுபடி இரண்டாவதையே எடுத்தாய். எனக்கு நெஞ்சு அடைத்தது. மாமாவின் வில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை; உன்னோடு அவரும் இரண்டாவதையே வாசித்தார். அது முடிந்ததும் நீ மூன்றை விட்டுவிட்டு நான்குக்குத் தாவினாய். அவரும் தாவினார். ஆயிரம் தடவை வாசித்த வர்ணத்தை, பாடமே அப்படித்தான் என்பது போல, நீ மறந்த இடத்திலெல்லாம் தானும் மறந்துகொண்டு வந்தார். கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமா வாசிக்கிறார், தப்பாக இருக்குமா? மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நானும் மிருதங்கத்தில் முடிப்புக்கான தீர்மானம் வைத்து முடித்தேன். நீ எழுந்து நின்று கைதட்டல் வாங்கினாய்.

அவர் இருந்தவரை இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர், அங்கேயே காலமாகிவிட்டார். உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நீ அந்த வர்ணத்தைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். இப்போது அதையே காரணமாகக் காட்டி வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாய் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துபோயிருக்கும். மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நிற்காது. கொஞ்சம் சாக்குக்கட்டியைத் தடவிவிட்டு உள்ளே அழுத்தித் திருகு; பெட்டியை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. வராளிக்கு அம்மாவின் படிக்கட்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அவளிடம் கேள், என்னிடம் கேட்காதே.

அந்தச் சனிக்கிழமையை எதிர்வீட்டுக்காரர் டேப்ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தார். நீ கேட்டுவிடக் கூடாது என்று அந்தக் கேசட்டை இத்தனை வருடமும் பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் அதைச் செல்போனுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு அனுப்புகிறேன். ஹீட்டரின் இரைச்சல் இருக்கும், யாரோ இருமுவார்கள், அது நான்தான். மூன்றாவது ஸ்வரத்தைத் தேடாதே. இரண்டு வயலினிலும் அது இல்லை.

அன்புடன்,
அப்பா