மாப்பிள்ளை கேட்ட மலைப்பாதைகள்

அன்பு மகள் தேவிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. மாப்பிள்ளை நன்றாகத்தான் தேடியிருக்கிறார். எல்ல ரொக், சின்ன சிவனொளிபாதம், ஒன்பது வளைவுப் பாலம், உலக முடிவு, லிப்டன் சீட், நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை, பிதுருதலாகலை, தியலும என்று ஒன்றையும் விடவில்லை. ரெண்டு கிழமைக்குள் இவ்வளவும் பார்க்க வேண்டுமென்றால் நடப்பதற்கு நேரம் இருக்காது, வேனில் உட்கார்ந்தே லீவு போய்விடும். அதனால் பாதியை வெட்டிவிட்டேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அம்மா இடையில் புகுந்து என்ன சமைப்பது என்ற பேச்சுக்குப் போய்விடுவாள். எழுதினால் முழுதாகச் சொல்லலாம்.

வெட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிதுருதலாகலை 2,524 மீற்றர், இலங்கையிலேயே உயரம், சரி. ஆனால் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்புக் கெடுபிடியும். வாகனத்தில்தான் விடுவார்கள், நடந்து ஏற முடியாது. பிறகு அது எதற்கு இந்தப் பட்டியலில்? நக்கிள்ஸ் அருமையான காடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கண்டி, மாத்தளைப் பக்கம். கூடாரம், அந்த ஊர் வழிகாட்டி என்று தனியாக நாலைந்து நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம். அடுத்த முறை பார்க்கலாம். தியலும அருவியின் தலைப்பில் குளிப்பதுபோல எல்லாரும் படம் போடுகிறார்கள். பாசி பிடித்த பாறை, கீழே 220 மீற்றர் பள்ளம். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள், போதும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

எல்லவுக்கு ஒரு நாள் தருகிறேன். சின்ன சிவனொளிபாதம் 1,141 மீற்றர்தான், அம்மாவையும் கூட்டிப் போகலாம். ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடித்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு கிடையாது. பாலத்துக்கு மேலே தேயிலை ஓரமாக நின்று பார்த்தால்தான் வளைவு முழுதாகத் தெரியும். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிற கூட்டத்தோடு சேராதீர்கள். எல்ல ரொக் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மலையில் குறையில்லை, ஆனால் இப்போது அங்கே முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இனி நான் வைத்துக்கொண்டவை.

ஹோட்டன் சமவெளியை விடக்கூடாது. காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். அதற்கு ஹப்புத்தளையிலிருந்து நாலு மணிக்கே வேன் புறப்பட வேண்டும், ஓஹிய வழியாக. இதைச் சொன்னால் நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். அதற்குப் பிறகு உலக முடிவில் போய் நின்றால் வெள்ளைச் சுவர்தான், முன்னால் பள்ளம் இருக்கிறதா என்றே தெரியாது. விடிய வந்தால் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிற இடத்தின் விளிம்பில் நிற்கலாம். நேர் கீழே ஒரு தேயிலைத் தோட்டம் தெரியும், அது நன்பேரியல். அந்தத் தோட்டத்து ஆட்களுக்குத் தலைக்கு மேலே நாம் நிற்கிறோம். எல்லாரும் வானத்தையும் தூரத்தையும் பார்ப்பார்கள். நான் எப்போதும் அந்தத் தொழிலாளர் லயத்துக் கூரைகளைத்தான் தேடுவேன்.

சுற்றி வருகிற பாதை சுமார் ஒன்பது கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. மூன்று மணி நேரம் வைத்துக்கொள். சின்ன உலக முடிவு, பெரியது, பிறகு பேக்கர்ஸ் அருவி. புல்வெளியில் மரைகள் பயமில்லாமல் நிற்கும், சாப்பிட எதையும் நீட்ட வேண்டாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் இங்கேயிருந்துதான் போகிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைக்கூட உள்ளே விடாமல் வாசலில் பையைத் திறந்து பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபலையும் கிழித்து வாங்கிவிடுவார்கள். ரொட்டியை அம்மா வாழையிலையில் கட்டித் தருவாள். இன்னொன்று, உன் பழைய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வா. வெளிநாட்டுக்காரர் கட்டணம் நம்முடையதைவிடப் பல மடங்கு. மாப்பிள்ளைக்குக் கட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்கு நானும் வருகிறேன். தம்பேதன்ன வரை பஸ்ஸில் போவோம். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம், தொழிற்சாலையும் அந்தக் காலத்தது. அங்கிருந்து மேலே ஏழு கிலோமீற்றர். வந்து இறங்கியவுடன் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஆட்டோவில் ஏறினால் அரை மணியில் உச்சி, ஒரு படம், ஒரு பிளேன்டீ, திரும்பி வருவது. அதற்கு ரொறன்ரோவிலிருந்து இவ்வளவு காசு செலவழித்து வர வேண்டுமா? நடந்துதான் போகிறோம். தார் ரோடு வளைந்து வளைந்து போகும். வளைவுக்கு வளைவு கல்லுப்படி வைத்த குறுக்கு இருக்கிறது, தோட்டத்து ஆட்கள் ஏறி இறங்குகிற பாதை. மூச்சு வாங்கும், ஆனால் குறுக்கில் ஏறினால்தான் தேயிலையை முகத்துக்கு நேரே பார்க்கலாம். தூரத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிவது கிட்டே போனால் வேறு. இடுப்பளவு தூர், அடியில் கை தடிப்பத்துக்கு முறுக்கிக்கொண்ட சாம்பல் கட்டை, மேலே மட்டும் துளிர். வரிசைக்கு இடையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான், அதற்குள் விழாமல் காலை வைக்க வேண்டும்.

வழியில் ஒரு மலை முழுக்க மொட்டையாக நின்றால் மாப்பிள்ளை தீப்பிடித்ததா என்று கேட்பார். கவ்வாத்து வெட்டியது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அப்படி வெட்டிவிடாவிட்டால் தூர் மரமாகப் போய்விடும், கொழுந்தும் வராது. இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவனோடு நடந்தால் கேட்கத்தான் வேண்டும்.

ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பெரட்டு, அதாவது காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிப்பது, முடிந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரம். இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக வருவார்கள். உச்சிக்குப் போய்த் திரும்பும்போது காலைக் கொழுந்து நிறுக்கிற நேரமாகியிருக்கும். ரோட்டோரம் தராசைத் தொங்கவிட்டு, சாக்கைத் தூக்கி மாட்டி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார்கள். ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதில்தான் எப்போதும் சண்டை வரும். அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கச் சொல். உச்சியில் இருக்கிற லிப்டன் சிலையைவிட எனக்கு அதுதான் பெரிய காட்சி. ஆனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். பிள்ளைகளைக் கண்டால் டொபி நீட்டுகிற வெள்ளைக்காரப் பழக்கமும் வேண்டாம். "எந்தத் தோட்டம்?" என்று உன்னைக் கேட்பார்கள். கனடா என்று சொல்லாதே, நம் தோட்டத்துப் பேரைச் சொல். அப்புறம் பார், பேச்சு எங்கே போகிறதென்று.

மூன்றாவது, மாப்பிள்ளையின் பட்டியலில் இல்லாதது. ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களா இருக்கிறதே, அங்கிருந்து தங்கமலைக் காட்டு வழியாக இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரை மலைமுதுகில் ஒரு பாதை போகிறது. பங்களா தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டியது, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளுடையது. சனி, ஞாயிறு போனால் உள்ளே விடுவார்கள், அவர்கள் செய்கிற கொய்யா ஜாமும் வாங்கலாம். பாதையில் ஒரு பக்கம் காடு, மரமெல்லாம் பாசி தொங்கும். இடைவெளி வருகிற இடங்களில் தெற்கே கீழ்நாடு தெரியும், மறுபக்கம் ஊவா மலைகள். கூட்டமே இருக்காது. அந்தப் பாதைக்குக் காலை வெயிலும் வேண்டாம், பனியே அழகு. இதல்கஸ்ஹின்னயில் நாலு கட்டிடமும் ஒரு பிளாட்பாரமும்தான், திரும்பி வர ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நேரம் முன்பின் ஆகும், கையில் ஏதாவது சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வரவில்லை என்று தண்டவாளம் வழியாக ஓஹிய பக்கம் நடக்கத் தொடங்க வேண்டாம். அந்தத் துண்டில் பதினான்கு சுரங்கம், உள்ளே ஒதுங்க இடம் பார்ப்பது கஷ்டம்.

சிவனொளிபாதமலையை வெட்டவில்லை, அது உன் முழங்காலைப் பொறுத்தது. பெப்ரவரி நல்ல காலம். மார்கழிப் பௌர்ணமிக்குத் திறந்து வெசாக் பௌர்ணமி வரை பருவம், இரவெல்லாம் வழியில் விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படி. பௌர்ணமியும் சனி, ஞாயிறும் தவிர்த்து ஒரு செவ்வாய், புதனில் போங்கள். கூட்ட நாளில் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். இரவு ரெண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்குச் சரியாக இருக்கும். எல்லாரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் மெதுவாக மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். மலையின் நிழல் கூர் முக்கோணமாகக் கீழே விழுந்து கிடக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி வரும். 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா என்ற பயணி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறிய மலை இது, நமக்கு இப்போது படி கட்டியிருக்கிறார்கள். ஏறுவது பெரிதில்லை, இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். அடுத்த நாள் வேறெதையும் வைக்காதே.

பீக்கோ ட்ரெயில் என்கிற நீண்ட நடைபாதை பற்றி மாப்பிள்ளை கேட்டிருந்தார். 300 கிலோமீற்றருக்கு மேல், 22 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கண்டியில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. புதுப்பாதை என்று விளம்பரம் செய்கிறார்கள், பாதி இடத்தில் அது பழைய தோட்ட ரோடுதான். நல்ல வேலை, தப்பில்லை. ஒரு துண்டு மட்டும் நடக்க ஆசையென்றால் கலஹாவிலிருந்து லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் முதன்முதல் தேயிலை போட்ட இடம், அவர் உட்கார்ந்த கல் ஆசனம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. நம் ஆட்கள் அதற்கும் முன்பே கோப்பித் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். 2023இல், இருநூறு வருட நினைவாக, அதே வழியில் ஒரு நடைபயணம் போனது. அதற்கும் ட்ரெயில் என்று பெயர் வைத்துப் பலகை நட்டால் நான் முதல் ஆளாகப் போவேன்.

சாமான் விஷயம். புது பூட்ஸ் வாங்கி நேராகக் கொண்டு வர வேண்டாம், அங்கேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கிவிட்டு வாருங்கள். அட்டைக்கடிக்கு விலை கூடிய ஸ்பிரே எதுவும் வேண்டாம். சவர்க்காரத்தை நனைத்துக் கணுக்காலிலும் காலுறையிலும் பூசிக்கொண்டால் ஏறாது, ஏறினாலும் உப்புக் கொஞ்சம் போதும். மழைச்சட்டை கட்டாயம், பெப்ரவரி என்று நம்ப முடியாது. ரெண்டு நாள் விடாமல் மழை பெய்திருந்தால் எந்தப் பாதையானாலும் அந்தத் தோட்டத்து ஆட்களிடம் மண்சரிவு பற்றிக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கைபேசியில் பச்சைக்கோடு காட்டுவதை நம்பி இறங்காதே.

ரயில் சீட்டு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த அன்றே முடிந்துவிடும். கொழும்பில் இறங்குகிற தேதியையும், மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் இலக்கத்தையும் இந்தக் கிழமைக்குள் அனுப்பு. வேனுக்கும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மீன் சாப்பிடுவாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா